பதினொரு மணிப் பாட்டு

அக்கா,

இன்று பிற்பகல் எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த சீனப் பெண்மணி, கைப்பையைத் திறந்து ஒரு சின்னத் தைலக் குப்பியை எடுத்தார். மூடியைத் திருகியவுடன் வாசம் வந்துவிட்டது. கற்பூரமும் புதினாவும் கலந்த அதே பச்சைத் தைலம். நெற்றியின் இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, பிறகு மூக்குக்குக் கீழே ஒரு சொட்டு. விழித்திருப்பது உங்கள் முறையாக இருக்கும்போது நீங்களும் அதே வரிசையில்தான் தடவிக்கொள்வீர்கள்.

மேடையில் பியானோ மட்டும் இருந்தது. அதன் பெரிய மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். வாசிக்கிறவர் இன்னும் வரவில்லை. நான் ராத்திரி ஷிப்ட் முடித்து, வீட்டில் இரண்டு மணி நேரம் புரண்டு படுத்துவிட்டு, பெர்ரி ஏறி வந்திருந்தேன். கண்ணுக்குள் மணல் இருப்பதுபோல் இருந்தது. கையிலிருந்த நிகழ்ச்சித் தாளை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். இரண்டாம் பாதியில், எல்லாவற்றுக்கும் கடைசியில், அந்தப் பெயர் இருந்தது. உங்களுக்கு அதன் பெயர் தெரியாது. நீங்கள் அதைப் பதினொரு மணிப் பாட்டு என்றுதான் சொன்னீர்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அது வரும்வரை நான் தூங்கிவிடக் கூடாது. எழுப்புவதற்கு நீங்கள் இல்லை.

நாம் அந்த மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது தூங்குவதற்குத்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். நமக்கு அதில் வேடிக்கை ஏதும் இருக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, விரல் நகம் அளவு மின்சுற்றுப் பலகைகளில் பழுது தேடுகிறவர்களுக்குத் தூக்கம் பெரிய விஷயம்.

சுங்கை பினாங்கில் உங்கள் அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பியானோ டீச்சர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவரிடம் முதல் பிள்ளை வரும். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்து, கடலுக்கு இந்தப் பக்கம் மாக் மண்டினிலிருந்து புறப்படும் பாக்டரி பஸ் பாலத்தைத் தாண்டி உங்களை இறக்கிவிட்டு, நீங்கள் குளித்துவிட்டுத் தலை சாய்க்கும் நேரமும் அதுதான். மாலை வரை ஒரு பிள்ளை போக இன்னொரு பிள்ளை வரும். டீச்சர் உங்களை லிப்டில் பார்க்கும்போதெல்லாம், "பீசிங் கா, கக்கா?" என்று சங்கடத்தோடு கேட்பார், சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று. ஒன்றுமே காதில் விழவில்லை என்று நீங்கள் மலாயில் அடித்துச் சொல்வீர்கள். சுவரில் ஆணி அடித்தால்கூட எழுந்திருக்கமாட்டேன் என்பீர்கள்.

"ஏங்கா பொய் சொல்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சொன்னா அது கிளாஸ நிறுத்திரும்மா. தனியா கெடக்கிற பொம்பள. அதுக்கு அதான் சாப்பாடு."

டீச்சர் உங்களை நம்பவில்லை போலிருக்கிறது. ஒரு தீபாவளிக்கு நீங்கள் முறுக்கு கொடுத்தபோது அவர் பதிலுக்கு இரண்டு நுழைவுச் சீட்டுகளைக் கொடுத்தார். ஊருக்குள், கடற்கரைப் பக்கத்துப் பழைய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தனிப் பியானோ நிகழ்ச்சி. நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். "வாம்மா, போவோம். நீதான் பொஸ்தகம் படிக்கிற புள்ள, ஒனக்குப் புரியும்."

எனக்கும் புரியவில்லை. ஒரு மனிதர் வந்தார், குனிந்து வணங்கினார், நாற்காலியின் உயரத்தைத் திருகிச் சரிசெய்தார், கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. கதவுகளைச் சாத்தினார்கள். குளிரூட்டியின் குளிர், மெத்தை வைத்த நாற்காலி, மங்கிய விளக்கு. இருமல்கூட அடக்கப்பட்ட ஓர் அமைதி. பத்து நிமிடத்தில் உங்கள் தலை என் தோளுக்கு வந்துவிட்டது. விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்தீர்கள். முகம் கழுவியதுபோல் இருந்தது.

"புள்ளைங்க வாசிச்சா தூக்கம் வரமாட்டேங்குது. வாசிக்கத் தெரிஞ்சவங்க வாசிச்சா என்னாமா வருது லா" என்றீர்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது போனோம். எப்போதும் கடைசி வரிசைதான், நீங்கள் பாக்டரி ஜாக்கெட்டைக் கையோடு கொண்டுவருவீர்கள். முறை வைத்துக்கொண்டோம். முதல் பாதியில் நான் தூங்குவேன், இரண்டாம் பாதியில் நீங்கள். விழித்திருப்பவர், கைதட்டும் நேரம் வந்தால் மற்றவர் மணிக்கட்டில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். மரியாதைக்குக் கைதட்டாமல் போய்விடக் கூடாது என்பதில் நீங்கள் கண்டிப்பாக இருந்தீர்கள். ஒரு தடவை என்னை எழுப்புகிற அவசரத்தில், ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் வாசிக்கிறவர் கையை எடுத்த அந்த இடைவெளியில், நீங்களே படபடவென்று தட்டிவிட்டீர்கள். மண்டபம் முழுக்க அமைதி. உங்கள் இரண்டு கை மட்டும். எல்லாரும் திரும்பினார்கள். நான் தூக்கக் கலக்கத்தில் உங்களோடு சேர்ந்து தட்டினேன். வாசிக்கிறவர் நம் பக்கம் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

பெர்ரித் துறைக்குப் போகும் வழியில் ஒரு பாய் கடையில் தேநீர் குடிப்போம். நம் கதை கடைக்கார பாய்க்குத் தெரியும். கிளாஸை வைத்துக்கொண்டே கேட்பார், "இன்னைக்கி யாராச்சும் முழுசா கேட்டீங்களா, இல்ல ரெண்டு பேரும் பாதிப் பாதியா?"

"ரெண்டு பாதி சேந்தா ஒண்ணுதானே பாய்" என்பீர்கள்.

"ஒரே தலையில சேரணும்ல அக்கா."

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது மண்டபத்தில் இல்லை. இந்தப் பக்கம் பாகான் டாலாமில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து படுக்க இடமில்லாமல் இருந்த ஒரு ஞாயிறு, உங்களோடு பஸ்ஸில் வந்து உங்கள் வீட்டில் படுத்தேன். பதினொரு மணிக்கு நீங்கள் என் தோளைத் தொட்டீர்கள்.

"இந்தப் புள்ள வாசிக்கிறதக் கேளேன். இப்ப தடுக்கும் பாரு."

சுவருக்கு அப்பால் ஒரு மெட்டு மெல்லத் தொடங்கியது. பெரிய விஷயமாக எதுவும் இல்லை, யாரோ தனக்குத் தானே பேசிக்கொண்டு படியேறுவதுபோல் இருந்தது. ஏறி ஏறி ஓரிடத்துக்கு வந்தது. நின்றுவிட்டது. பிறகு முதலிலிருந்து. மறுபடியும் அதே இடம். மறுபடியும் நின்றது.

"நாலு மாசமா அந்த எடத்தத் தாண்டல" என்றீர்கள். "அது பொண்ணா பையனான்னுகூடத் தெரியாது. அதுக்கப்புறம் என்னா வருது, எப்படி முடியுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்மா. மைக்ராஸ்கோப்புல பாக்கறப்பகூட ஓடிக்கிட்டே இருக்கு."

சில வாரம் கழித்து அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிட்டது. பதினொரு மணிக்கு வேறு யாரோ, வேறு எதையோ வாசித்தார்கள். டீச்சரிடம் கேட்டுவிடலாமே என்றேன். முடியாது என்றீர்கள். கேட்டால் இத்தனை நாளும் எல்லாம் காதில் விழுந்தது தெரிந்துவிடும். மெட்டை என் போனிடம் முனகிக் காட்டினீர்கள், அது ஏதோ ஷாம்பு விளம்பரப் பாட்டைக் காட்டியது. "காது கேக்காத போனு" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். என்றைக்காவது ஒரு நாள் மண்டபத்தில் யாராவது அதை வாசிப்பார்கள். அப்போது யார் விழித்திருந்தாலும் மற்றவரை எழுப்பியாக வேண்டும். நீங்கள் என்னிடம் வேறு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அது வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வயதானவர் நிகழ்ச்சியை முடித்துவிட்டார். தட்டி எழுப்ப என் கை நீளுவதற்குள் முன்வரிசைகள் எழுந்து நின்று தட்டின. அவர் திரும்பி வந்து, தாளில் இல்லாத ஒன்றைக் கூடுதலாக வாசிக்க உட்கார்ந்தார். தொடக்கத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுவர் இல்லாமல் கேட்டதால் இருக்கலாம். அந்த இடம் நெருங்கியபோது என் உடம்பு தானாக இறுகியது. நிற்கும் என்று காத்திருந்தேன். அவர் நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் மணிக்கட்டைப் பார்த்தேன். நான் வழக்கமாகத் தட்டும் இடத்தில், உள்ளங்கை அளவுக்குக் கன்றி ஊதா நிறத்தில் இருந்தது. ஓரத்தில் மஞ்சள். மெஷின் விளிம்பில் இடித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். விரலை வைத்தால் வலிக்குமே என்று தயங்கினேன். தோளைத் தொட்டிருக்கலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அந்த மாதத்தில் உங்களுக்கு எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை, அன்று அப்படித் தூங்கினீர்கள். இன்னொரு நாள் வராமலா போகும் என்று நினைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தபோது நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த ஊதா நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது வாசலில் நின்ற பெண்ணிடம் பாட்டின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பாய் கடையில், பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டதும், அதற்கு மேல் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பாட்டு வந்துச்சுக்கா. கடைசியில."

கிளாஸைக் கீழே வைத்தீர்கள். "எந்தப் பாட்டு?"

"பதினொரு மணிப் பாட்டு."

"ஏன் எழுப்பல?"

"கையில அடிபட்டிருக்கு. தட்டுனா வலிக்குமேன்னு..."

கையைத் திருப்பிப் பார்த்தீர்கள், அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல. "இது எங்க பட்டுச்சுன்னே தெரியல." பிறகு, "சரி, எப்படி முடிஞ்சிச்சு?"

"கவனிக்கல."

"பூரா நேரமும் முழிச்சித்தானே இருந்தே?"

பாய் அடுப்புப் பக்கம் போய்விட்டார். நீங்கள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த மாதம் மண்டபத்தில் உட்கார்ந்ததும் தைலத்தை எடுத்துத் தடவிக்கொண்டு சொன்னீர்கள்: "நீ தூங்கும்மா. ரெண்டு பாதியும் நானே பாத்துக்கறேன். ஒன்ன நம்பித் தூங்கமுடியாது லா." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் விழித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். எழுந்தபோது நீங்கள் நிமிர்ந்து, வெளிறிய முகத்தோடு, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுதான் நாம் சேர்ந்து போன கடைசி நிகழ்ச்சி.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு, அந்த ஊதா நிறத்துக்கு ஒரு பெயர் இருந்தது. உங்கள் மகன் ஜொகூரிலிருந்து வந்து எனக்குப் போனில் சொன்னான். இரத்தத்தில் புற்று. எதிலும் இடிக்காமலேயே கன்றுமாம்.

போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துக்கொண்டு உங்கள் கட்டிலுக்கு வந்தேன். நான் அதை முன்னால் கேட்டுப் பார்க்கவில்லை, சேர்ந்து கேட்கலாம் என்றிருந்தேன். காதில் மாட்டும் ஒயரை நீட்டினேன். தலையை ஆட்டினீர்கள்.

"போன்ல வேணாம்மா. போன்ல இருக்கிற ஆளு தப்புப் பண்ணமாட்டான்."

"அது நல்லதுதானேக்கா."

"தப்பு வந்ததையெல்லாம் வெட்டி எடுத்துருப்பான். நமக்குத் தெரியாதா? ரிஜெக்ட்ட எடுத்துட்டுத்தானே நாமளும் பொட்டியில போடறோம்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தீர்கள். "ஒரு ஆளு முன்னால உக்காந்து வாசிக்கணும். அந்த எடம் வர்றப்ப எனக்குத் தெரியக் கூடாது. தாண்டுவானா மாட்டானான்னு. எந்திரிச்சி வந்து கேட்டுக்கறேன். நீ டிக்கெட் பாத்து வை."

பார்த்து வைத்தேன். ஒவ்வொரு மாதமும் மண்டபத்தின் பட்டியலைப் பார்த்தேன். அது வரவில்லை. நீங்களும் எழுந்து வரவில்லை. அதற்குப் பிறகும் பட்டியலைப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. வேறு எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. போனில் இருந்ததை இன்றுவரை கேட்கவில்லை.

இன்று முதல் பாதியைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. வாசித்தவர் இளைஞர், என் வயது இருக்கும். கறுப்புச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். நன்றாக வாசித்தார். அதுதான் சிக்கல். நீங்கள் சொன்னதுபோல் வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தால் தூக்கம் அலையலையாக வருகிறது. உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டேன். மேல்மாடத் தூண்களை எண்ணினேன். இரண்டு தடவை தலை தொங்கி, திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அந்த நேரம் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. போனில் கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

இடைவேளையில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டாம் பாதியில் இரண்டு நீண்ட உருப்படிகள் போயின. கடைசி உருப்படிக்கு முன்னால் அவர் கைகளை மடியில் வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி, தைலம் எல்லாம் தடவியும், தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு இந்தப் பாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரும் இதற்காகவே வந்தவராக இருக்கலாம், தூங்கவே வந்தவராகவும் இருக்கலாம். கையை நீட்டி, அவர் மணிக்கட்டில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவர் அதிர்ந்து விழித்து என்னை முறைத்தார். "வாட்?"

"லாஸ்ட் ஒன், ஆன்டி" என்று கிசுகிசுத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. தாளைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதற்குள் மேடையில் இருந்தவர் தொடங்கிவிட்டார்.

யாரோ தனக்குத் தானே பேசிக்கொண்டு படியேறினார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த இடம் வருவதை இரண்டு மூன்று படி முன்னாலேயே அறிந்தேன், நீங்கள் சொன்னதுபோலவே, தாண்டுவாரா மாட்டாரா என்று தெரியவில்லை. இடது கை நிலைத்திருக்க, வலது கை தூரமாகத் தாவ வேண்டிய இடம் அது, கண்ணால் பார்த்தபோதுதான் தெரிந்தது. தாவினார். தாண்டிவிட்டார். நான் மூச்சை விட்டேன். அதற்கப்புறம்தான் அக்கா, ஒன்றுமே இல்லாத சமதளத்தில், ஒரு பிள்ளைகூட வாசித்துவிடக்கூடிய இடத்தில், அவர் விரல் தவறியது. ஒரே ஒரு தவறான சுரம். எல்லாருக்கும் கேட்டது. அவர் காது சிவந்தது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. நிற்காமல் போய்விட்டார். உங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கும். தாண்டிவிட்டோம் என்ற நினைப்பில் கை தளர்கிறது, நமக்கும் ஷிப்டின் கடைசி மணி நேரத்தில்தானே பழுது தப்பிப்போகும்.

எப்படி முடிந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் சத்தம் இருக்கிறது, அது நீளவில்லை. பிறகு எல்லாம் அடங்கி, தொடக்கத்து மெட்டு திரும்ப வருகிறது, முன்பைவிட மெதுவாக. ஏறி ஏறி அதே இடத்துக்கு வருகிறது. இந்தத் தடவை தாவவில்லை. அங்கேயே நின்றுவிடுகிறது. சுவருக்கு அப்பால் அந்தப் பிள்ளை நிற்குமே, அதே இடத்தில். நான் ஒரு கணம் அவர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். நீண்ட நேரம் கழித்து, இடது கைப் பக்கம், அடியில், ஒரே ஒரு சுரம். அவ்வளவுதான். கிட்டத்தட்ட முழுவதையும் நீங்கள் நாலு மாதம் கேட்டிருக்கிறீர்கள்.

கைதட்டல் உடனே வரவில்லை. பக்கத்துப் பெண்மணி முதலில் தட்டினார். எழுந்து போகும்போது, "ஷார்ட் ஒன்லி, லா" என்றார், எழுப்பியதற்குப் போதாது என்பதுபோல.

பாய் கடையில் ஒரு தேநீர் குடித்தேன். "முழுசா கேட்டியாம்மா?" என்றார். கேட்டேன் என்றேன். பெர்ரியில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

நம் வரிசையில் உங்கள் மைக்ராஸ்கோப்பில் இப்போது ஒரு புதுப் பெண் இருக்கிறாள். வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள், வண்டி கிளம்புமுன் தூங்கிவிடுகிறாள். அவள் இறங்கும் இடம் எனக்கு முன்னால் வரும். எழுப்பும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாக விழும் காலை வெளிச்சத்தில் முதலில் அவள் மணிக்கட்டைப் பார்ப்பேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகுதான் தட்டுவேன்.